பசியோடு போக வேண்டிய பூங்கா

அடிலெய்ட் நகரின் நார்த் டெரஸ் தெருவில் மேற்கிலிருந்து கிழக்காக நடந்தால் ரயில் நிலையம், சட்டமன்றம், மாநில நூலகம், அருங்காட்சியகம், ஓவியக்கூடம், பல்கலைக்கழகம் என்று வரிசை கட்டி நிற்கும். ஓர் ஊர் பெருமையடித்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம் அத்தனையையும் ஒரே தெருவில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசை முடிகிற இடத்தில் ஒரு இரும்புக் கதவு. அதற்குள் தாவரவியல் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது.

இந்த மாதிரி இடங்களை ‘நகரத்தின் நுரையீரல்’ என்று எழுதுவது வழக்கம். எனக்கென்னவோ அடிலெய்ட் பூங்காவை நகரத்தின் வயிறு என்று எழுதுவதுதான் சரி என்று படுகிறது. ஏரிக்கரையில் ஒரு உணவகம், கிழக்கு ஓரத்தில் நாட்டின் ஒயின் மையம், நடுவில் உலகத்துத் தானியங்களையும் பழங்களையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கிய ஒரு பழைய அருங்காட்சியகம். பூவைப் பார்க்கப் போகிறவர்கள் பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் இந்தத் தோட்டம் தன் முழுக் கதையையும் சொல்கிறது.

தென் ஆஸ்திரேலியா 1836ல் பிரிட்டிஷ் காலனியானது. அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகளாக கௌர்னா மக்களின் நிலம் அது. கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு ஒரே கவலை: இங்கே என்ன விளையும்? கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். மழை பெய்வது குளிர்காலத்தில். அதுவும் ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த விவசாய அறிவு இந்த மண்ணில் செல்லுபடியாகவில்லை. எந்த விதை பிழைக்கும், எது காய்க்கும், எதை விற்றுக் காசாக்கலாம் என்று போட்டுப் பார்க்க ஒரு இடம் தேவைப்பட்டது. 1855ல் தொடங்கி 1857ல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இந்தத் தோட்டத்தின் வேலைகளில் முக்கியமானது அது. அலங்காரமும் உண்டுதான். ஆனால் அது மேல்பூச்சு.

அந்த வேலைக்குச் சாட்சி வேண்டுமென்றால் பொருளாதாரத் தாவரவியல் அருங்காட்சியகத்துக்குள் போக வேண்டும். கிரேக்கக் கோயில் முகப்பு வைத்த சின்னக் கட்டடம், 1881ல் திறந்தது. இந்த நோக்கத்துக்கென்றே காலனி காலத்தில் கட்டப்பட்டவற்றில் உலகில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள். 2009ல் பழுது பார்த்துப் பழைய பொலிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். உள்ளே அந்தக் காலத்து மர அலமாரிகளில் நார், பிசின், சாயம், எண்ணெய் வித்து, தானியம் எல்லாம் ஜாடி ஜாடியாக இருக்கின்றன. மளிகைக் கடையில் வளர்ந்தவர்களுக்கு உடனே பிடித்துப்போகும் இடம்.

என்னை அங்கே கட்டிப்போட்டது ஒரு பழ வரிசை. ஆப்பிளும் பேரிக்காயும் ரகம் ரகமாக, ஒவ்வொன்றின் கீழும் பெயர்ச்சீட்டு. நேற்றுப் பறித்தது போல இருக்கின்றன. எல்லாம் காகிதக்கூழ்! ஜெர்மனியின் கோத்தா நகரில் ஆர்னால்டி என்ற நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் செய்து உலகமெல்லாம் அனுப்பிய மாதிரிகள். மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். ஒரு பேரிக்காயின் தோலில் பழுப்புப் புள்ளிகள் சீராக இல்லாமல் வெயில் பட்ட பக்கம் மட்டும் கூடுதலாக இருந்தன. காம்பு இறங்கும் குழியில் ஒரு மெல்லிய சுருக்கம். செய்தவர் நிஜப் பேரிக்காயைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இவற்றைக் கொலு வைத்து அழகு பார்க்க வாங்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பழ ரகத்துக்கு ஊருக்கு ஒரு பெயர். நர்சரிக்காரன் விற்ற கன்று அவன் சொன்ன ரகம்தானா என்று ஐந்து வருடம் கழித்துக் காய்த்தால்தான் தெரியும். விவசாயி தன் மரத்துப் பழத்தோடு இங்கே வந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைய விவசாயத் துறை கண்காட்சிகளுக்கெல்லாம் கொள்ளுப்பாட்டி இந்த அலமாரி.

இதைக் கட்டிய காலத்தில் தோட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் ரிச்சர்ட் ஷோம்புர்க். ஜெர்மானியர். 1849ல் குடிபெயர்ந்து வந்து காலர் ஆற்றங்கரையில் பண்ணை வைத்து, திராட்சையும் பயிரிட்டவர். 1865ல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்று 1891ல் இறக்கும்வரை அதே நாற்காலியில் இருந்தார். கோதுமையும் புல்லும் எண்ணெய் வித்தும் வரவழைத்துப் போட்டுப் பார்த்து, தேறியதை விவசாயிகளுக்குக் கொடுத்தார். காட்டை அழித்தால் மழை போகும் என்று 1870ஆம் ஆண்டு வாக்கிலேயே எழுதிய மனிதரும் இவர்தான். ஆனால் அடிலெய்ட் மக்கள் அவரைக் கொண்டாடியது இதற்கெல்லாம் இல்லை. ஒரு அல்லிக்காக.

ரிச்சர்டின் அண்ணன் ராபர்ட் ஷோம்புர்க் 1837 புத்தாண்டு நாளன்று பிரிட்டிஷ் கயானாவின் பெர்பிஸ் ஆற்றில் ஒரு ராட்சச அல்லியைப் பார்த்தார். இலை ஒவ்வொன்றும் ஒரு ஆள் படுத்துக்கொள்ளும் அகலம். விக்டோரியா மகாராணியின் பெயர் அதற்கு வந்தது. முப்பது வருடம் கழித்து, பூமியின் மறுபக்கத்தில், தம்பி அதற்கென்றே ஒரு கண்ணாடி வீடு கட்டி, 1868ல் பூக்க வைத்துக் காட்டினார். ஊரே திரண்டு வந்தது. இன்று அதே இடத்தில் 2007ல் கட்டிய புதுக் கண்ணாடி மண்டபம் இருக்கிறது. உள்ளே காலெடுத்து வைத்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது; வெளியே வறண்ட அடிலெய்ட், உள்ளே அமேசான்.

இலை தாம்பாளம் மாதிரி விளிம்பு நிமிர்ந்து மிதக்கிறது. மேலே வழவழப்பு. விளிம்பு மடிந்த இடத்தில் அடிப்பக்கம் தெரிகிறது: செந்நீல நிறம், குறுக்கும் நெடுக்குமாகப் பருத்த நரம்புகள், நரம்பு முழுக்க முள். மீன் கடிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. பூவின் நாடகம் இன்னும் சுவாரஸ்யம். முதல் நாள் அந்தியில் வெள்ளையாக விரியும். உள்ளுக்குள் சூடேற்றிக்கொண்டு அன்னாசி வாசனையைப் பரப்பும். அந்த வாசனைக்கு மயங்கி வரும் வண்டை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். மறுநாள் பெண் நிலையிலிருந்து ஆண் நிலைக்கு மாறி, வண்டின் உடம்பெல்லாம் மகரந்தம் பூசி, அந்தியில் இளஞ்சிவப்பாகத் திறந்து வெளியே விடும். வண்டு அடுத்த வெள்ளைப் பூவைத் தேடிப் போகும். இரண்டு இரவு விருந்து, அவ்வளவுதான். பிறகு பூ நீருக்குள் அமிழ்ந்துவிடும். இந்தப் பூங்காவில் சாப்பாட்டைக் காட்டி ஆளை வரவழைக்கும் கலையை முதலில் அறிந்திருந்தது அந்த அல்லிதான்.

பக்கத்திலிருக்கும் மற்ற கண்ணாடி வீடுகளை வேகமாகக் கடந்துவிட்டேன். ஜெர்மனியின் ப்ரேமன் நகரத்திலிருந்து பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து 1877ல் திறந்த பாம் ஹவுஸ் ஒன்று. கட்டடம் ரொம்ப அழகு, உள்ளே மடகாஸ்கரின் முள் செடிகள். 1989ல் திறந்த பைசென்டினியல் கன்சர்வேட்டரி இன்னொன்று. 100 மீட்டர் நீளத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாத மழைக்காடு. பொறியியல் படித்தவர்கள் அங்கே அரைநாள் நிற்பார்கள். எனக்குப் பசித்தது.

ஏரிக்குப் பக்கத்தில் கண்ணாடி மண்டபமாக நிற்கிறது ரெஸ்டாரன்ட் பொட்டானிக். 2021ல் புது வடிவம் எடுத்ததிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெயர்பெற்ற உணவகங்களில் ஒன்று. மெனு கார்டைப் பார்த்து ‘ரெண்டு அது, ஒண்ணு இது’ என்று ஆர்டர் சொல்லும் இடமல்ல. அவர்கள் தீர்மானித்த வரிசையில் சின்னச் சின்னத் தட்டாக வந்துகொண்டே இருக்கும். மூன்று நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். ஆளுக்குச் சில நூறு டாலர் எடுத்து வைக்க வேண்டும். அதன் விசேஷம், சமையற்காரர்கள் தோட்டத்துக்குள்ளேயே போய் இலையும் பூவும் கிள்ளிக்கொண்டு வருவது. பூங்கா நிர்வாகம் அனுமதித்தவற்றை மட்டும்தான். நாம் போய் ஒரு இலையைக் கிள்ளினால் அது குற்றம். சமையற்காரர் கிள்ளினால் அது கலை.

என் பர்ஸுக்கு ஏற்றது தோட்டத்துக் கியோஸ்க்தான். காபி, சாண்ட்விச், கேக். புல்தரையில் கால் நீட்டிச் சாப்பிடலாம். விசில் ஊதிக்கொண்டு ஓடிவரும் காவலாளி இல்லை. கூட வந்தவன் என் கல்லூரித் தோழன், மதுரைக்காரன், அந்த ஊரில் வேலை பார்ப்பவன். வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் புளிசாதம் கொண்டுவந்திருந்தான். “பயப்படாம சாப்பிடு மாப்ளே. இங்க பாதிப்பேர் வீட்டுச் சாப்பாட்டோடதான் வர்றாங்க” என்றான். சுற்றிப் பார்த்தேன். உண்மைதான்.

ஆனால் அந்த உயர்தர உணவகத்தின் அடுப்படியில் நடக்கும் ஒன்று, இந்தத் தோட்டத்தின் 19ஆம் நூற்றாண்டுக் கதையைத் தலைகீழாக்குகிறது. அதைச் சொல்லாமல் போக முடியாது. ஷோம்புர்க் காலத்தில் உலகத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு என்ன கொண்டுவரலாம் என்றுதான் தேடினார்கள். அந்த மண்ணிலேயே என்ன சாப்பிடக் கிடைக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. கௌர்னா மக்களும் மற்ற பழங்குடிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சாப்பிட்டு வாழ்ந்த உணவு கண்ணெதிரே இருந்தது. குடியேறியவர்கள் கப்பல் மாவுக்குக் காத்திருந்தார்கள்.

இப்போது காற்று மாறியடிக்கிறது. குவாண்டாங் என்று ஒரு பாலைவனப் பழம். செக்கச்சிவப்பு, நல்ல புளிப்பு, பெரிய நெல்லிக்காய் அளவு. அதன் கொட்டை மூளை மாதிரிச் சுருக்கம் விழுந்து உருண்டையாக இருக்கும்; ஒரு காலத்தில் பிள்ளைகள் கோலிக்குண்டாக வைத்து விளையாடியிருக்கிறார்கள். அந்த மரம் நம் சந்தன மரத்தின் நெருங்கிய உறவு. சந்தனம் போலவே பக்கத்து மரத்தின் வேரில் வேர் பதித்து உறிஞ்சித்தான் வளரும். வடக்கே ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் குவாண்டாங் பை என்பது நெடுஞ்சாலைச் சிற்றுண்டி. நகரத்து உணவகத்தில் அதே பழம் வெள்ளித் தட்டில் ஒரு கரண்டி சாறாக வருகிறது. ஆடு மேயும் உப்புப் புதர் இலையை எண்ணெயில் பொரித்து மொறுமொறுப்பாக வைக்கிறார்கள். விரல் நீளத்தில் ஒரு எலுமிச்சை. கீறிப் பிதுக்கினால் மீன் முட்டை போலச் சின்னச் சின்ன முத்துகள் உருண்டு வந்து வாயில் ஒவ்வொன்றாக வெடிக்கும். கங்காரு இறைச்சியை மனிதர்கள் சாப்பிட 1980ல் அனுமதி தந்தது தென் ஆஸ்திரேலியா. மற்ற மாநிலங்கள் பலவற்றில் அதற்கு 1993 வரை ஆனது.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. மகடாமியாக் கொட்டை ஆஸ்திரேலியாவின் சொந்தச் சொத்து. அதைப் பெரிய வியாபாரப் பயிராக முதலில் வளர்த்தெடுத்தது ஹவாய்த் தீவு. இப்போது மற்ற காட்டுப் பழங்களும் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றின் ருசியையும் பக்குவத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்திருந்த பழங்குடி மக்களின் கைக்கு அந்த வியாபாரத்தில் போய்ச் சேர்வது சொற்பம்தான். தட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பில் யாருக்குப் போகிறது என்ற கேள்வி கூடவே வருகிறது.

வேல விதையை வறுத்து அரைத்துப் பொடியாக்கி ஐஸ்கிரீமிலும் ரொட்டியிலும் போடுகிறார்கள். காபிக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் ஒரு வாசனை. ஆஸ்திரேலிய வேல மரத்தில் பல நூறு இனங்கள். எல்லாவற்றின் விதையும் தின்னத் தக்கதல்ல, தேர்ந்தெடுத்த சில மட்டும். அதே குடும்பத்து மரங்கள் சில நமக்கும் பழக்கம். நீலகிரியில் சீகை மரம் என்று சொல்கிறோமே, அந்த வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் அங்கிருந்துதான். ஊட்டித் தாவரவியல் பூங்காவை 1848ல் வில்லியம் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கியபோது, அவர் கையிலும் இதே கேள்விதான் இருந்தது: இந்த மலையில் எதை நட்டால் காசு? விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்ட சீகை, புல்வெளியையும் சோலையையும் விழுங்கியது. இன்று அதை வெட்டி அகற்ற நீதிமன்றம் உத்தரவு போடும் நிலை. அடிலெய்டில் இதன் மறுபக்கம்: எண்ணெய்க்கென்று கொண்டுவந்த ஆலிவ், வேலி தாண்டிக் குன்றுகளில் காடாக மண்டி, இன்று அரசாங்கமே களை என்று அறிவித்திருக்கிறது. பயன்தரும் செடி எது, களை எது என்பது எந்த ஊரில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

திராட்சையும் இதே பாதையில் வந்த விருந்தாளிதான். ஆஸ்திரேலியாவில் இயல்பாக ஒயின் திராட்சை கிடையாது. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831ல் ஸ்பெயினையும் பிரான்ஸையும் சுற்றி நூற்றுக்கணக்கான ரகங்களின் குச்சிகளை வெட்டி மூட்டை கட்டிக் கப்பலேற்றினார். பிழைத்து வந்த 362 ரகங்கள் 1833ல் நடப்பட்டது எங்கே என்கிறீர்கள்? சிட்னி தாவரவியல் பூங்காவில். அங்கிருந்து கிளைகள் மற்ற ஊர்களுக்குப் பரவின. ஆக, தாவரவியல் பூங்காவில் உட்கார்ந்து ஒயின் குடிப்பது இந்த நாட்டில் நவீன ஆடம்பரம் அல்ல. அது பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி.

பூங்காவின் கிழக்கு விளிம்பில், ஹாக்னி ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறது ஆஸ்திரேலிய தேசிய ஒயின் மையம். மரப்பீப்பாயின் வளைவை நினைவுபடுத்தும் கட்டடம், முன்னால் சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம். 2001ல் திறந்தார்கள். கணக்கு கட்டுபடியாகாமல் தடுமாறி, 2003ல் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. ஒயின் படிப்புக்குப் பேர் போன பல்கலைக்கழகம் அது. பக்கத்து ஊரான ரோஸ்வர்தி விவசாயக் கல்லூரியில் 1936லேயே ஒயின் தயாரிப்புக்குப் பட்டயப் படிப்பு தொடங்கியிருந்தார்கள், அந்தக் கல்லூரி பிற்பாடு இந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

உள்ளே சுவரோரம் கண்ணாடி முகப்புள்ள இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் சில பாட்டில்கள் வரிசையாக. எல்லாம் சேர்ந்து 120 வகை, நாட்டின் எல்லா ஒயின் பிரதேசங்களிலிருந்தும். கவுன்ட்டரில் ஒரு கார்டு வாங்கி இயந்திரத்தில் செருக வேண்டும். பாட்டிலுக்கு மேலே மூன்று பட்டன்: ஒரு மிடறு, அரைக் கோப்பை, முழுக் கோப்பை. ஒவ்வொன்றுக்கும் விலை எரிகிறது. அமுக்கினால் குழாய் வழியே அளந்து விழும். பாட்டிலில் காலியான இடத்தைக் காற்று புகுந்து நிரப்பினால் ஒயின் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் நைட்ரஜன், ஆர்கான் போன்ற வினைபுரியாத வாயுவை உள்ளே தள்ளித்தான் இந்த இயந்திரங்கள் ஒயினை வெளியே எடுக்கின்றன. திறந்த பாட்டில் வாரக்கணக்கில் தாங்கும். விலையுயர்ந்த பாட்டிலை முழுதாக வாங்க வக்கில்லாதவனும் அதில் ஒரு மிடறு பார்க்க முடிகிறது. இதைவிட ஜனநாயகமான மது ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

பழக்கதோஷத்தில் முதல் மிடறை நான் மடக்கென்று விழுங்கிவிட்டேன். தோழன் தலையில் அடித்துக்கொண்டான். “டேய், இது டாஸ்மாக் இல்லடா. முதல்ல மோந்து பாரு. சுத்திட்டு மறுபடி மோந்து பாரு. அப்புறம்தான் வாய்.” பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் ருசி பார்த்துவிட்டு ஒரு பாத்திரத்தில் துப்பிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதற்கு ஒரு மனப்பக்குவம் வேண்டும். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

முதலில் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங். வெளிர் மஞ்சள்கூட இல்லை, ஏறக்குறைய தண்ணீர் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் எலுமிச்சைத் தோலைக் கீறிய வாசனை. நாக்கில் பட்டதும் கன்னத்து உள்பக்கம் சுரக்கிறது. வயதான ரீஸ்லிங்கில் லேசாக மண்ணெண்ணெய் வாசனை வரும். தெரிந்தவர்கள் அதற்காகவே தேடி வாங்குவார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் தயாரிப்பாளர்கள் 2000ல் கார்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள். கார்க் கெட்டால் ஒயினும் கெட்டது என்பது அவர்கள் கட்சி. உலகம் முதலில் முகம் சுளித்தது, பிறகு பின்னால் வந்தது. நம் காரத்துக்கு இந்த வெள்ளை ஒயின்தான் தோழன். கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கும் ரகமாக இருந்தால் இன்னும் நல்லது. மிளகாய் சாப்பிட்ட நாக்கில் துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினை ஊற்றினால் எரிச்சல் இரண்டு மடங்காகும். டப்பாவில் மிச்சமிருந்த புளிசாதத்தை அந்த நேரம் நினைத்துக்கொண்டேன்.

அடுத்து பரோசா ஷிராஸ். இருட்டு நிறம், கோப்பை ஓரத்தில் மட்டும் சிவப்பு. நாவல்பழமும் மிளகும் சேர்ந்த மாதிரி. இதன் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுப் பூச்சி, அமெரிக்காவிலிருந்து செடி கொடிகளோடு ஐரோப்பாவுக்குப் போய் வேரைத் தின்று பிரான்ஸின் தோட்டங்களைச் சுடுகாடாக்கியது. 1863ல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் ஒரு கண்ணாடி வீட்டில்தான் அதை ஐரோப்பாவில் முதலில் கவனித்தார்கள். செடி சேகரிக்கும் ஆர்வம் கொண்டுவந்த வினை. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டித்தான் ஐரோப்பா மீண்டது. 1877ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கும் பூச்சி வந்து சேர்ந்தது. பக்கத்து மாநிலமான தென் ஆஸ்திரேலியா சட்டம் போட்டுக் கதவைச் சாத்தியது. இன்றுவரை பூச்சி உள்ளே நுழையவில்லை.

அதனால்தான் பரோசாவில் ஒட்டுக் கட்டாத, சொந்த வேரில் நிற்கும் 1843ஆம் ஆண்டு ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. சைலீசியாவிலிருந்து மதச் சுதந்திரம் தேடி வந்த லூத்தரன் ஜெர்மானியர்கள் குடியேறிய பகுதி அது. 2009ல் அங்கே வயதான கொடிகளுக்குப் பட்டம் கொடுத்து ஒரு சாசனமே எழுதினார்கள்: 35 வயதானால் ‘பழையது’, 70 ஆனால் ‘பிழைத்தது’, 100 ஆனால் ‘நூற்றாண்டு’, 125 தாண்டினால் ‘மூதாதை’. வயது கூடக் கூடக் காய்ப்பு குறையும், சாரம் கூடும். அடிலெய்ட் விமான நிலையத்தில் கையிலிருக்கும் பழத்தைப் போடச் சொல்லி ஒரு தொட்டி வைத்திருப்பார்கள். பிரதானமாகப் பழ ஈக்கு எதிரான காவல் அது. திராட்சைத் தோட்டத்துக்குள் போகிறவர்கள் காலணியைக் கிருமிநாசினியில் நனைக்க வேண்டியிருக்கும், அது ஃபிலாக்ஸெராவுக்கு. பச்சை விஷயத்தில் இந்த மாநிலம் யாரையும் நம்புவதில்லை.

கடைசியாக ஒரு மஸ்கட். பழுப்பு நிறம், வெல்லப்பாகு கனம், உலர்திராட்சை வாசனை. எங்கேயோ பழகிய மணம் என்று யோசித்தபோது பிடிபட்டது: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. அதுவும் மஸ்கட் குடும்பம்தான். தேனி மாவட்டத்து உறவுக்காரர் ஒருவரை அடிலெய்டில் சந்தித்த மாதிரி இருந்தது.

இவ்வளவு மதுவுக்கும் நாலு எட்டு தூரத்தில் ஒரு வேடிக்கையான வரலாறு கிடக்கிறது. பூங்காவை ஒட்டிய பொட்டானிக் பார்க்கில்தான் 1880ல் சால்வேஷன் ஆர்மி ஆஸ்திரேலியாவில் தன் முதல் கூட்டத்தை நடத்தியது. மேடை என்ன தெரியுமா? ஒரு காய்கறி வண்டி. ஜான் கோர் என்பவர் அதன் மேல் ஏறி, இன்று வயிறாரச் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டார். மதுவை அறவே ஒழிக்க வேண்டும் என்ற கூட்டம் அது. சாப்பாட்டுக்கு அழைத்த அந்த வார்த்தைதான் ஊரில் நின்றது. மது விஷயத்தில் அவர்கள் தோற்றதற்குப் பக்கத்துக் கட்டடமே சாட்சி.

அதே பார்க்கில் 1992ல் தொடங்கிய வோமடெலெய்ட் இசை விழா மார்ச் மாதம் நடக்கிறது; அந்த நாட்களில் பல நாட்டு அடுப்புகளும் அங்கே எரியும். மேலே மரக்கிளைகளில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன. 2010ஐ ஒட்டி வந்து குடியேறிய கூட்டம்; வாடை தூக்குகிறது. அந்த மரங்களுக்கு அடியில் மட்டும் சாப்பாட்டை விரிக்க வேண்டாம். தோட்டத்துக்குள் 1866ல் நட்ட மோர்ட்டன் பே அத்தி மரச் சாலை இருக்கிறது. நம் ஆலமரத்தின் இனம், வேர் ஒவ்வொன்றும் இடுப்புயரச் சுவர். இரண்டு வேருக்கு நடுவில் ஒரு குடும்பம் தாராளமாகப் பந்தி போடலாம்.

போகிறவர்களுக்கு: கோடை முடிகிற பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். அல்லி பூத்திருக்கும், பரோசாவில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். நகரத்துக்குள் டிராம் இலவசம். கிழக்குக் கோடி நிறுத்தத்துக்குப் பூங்காவின் பெயர்தான். அருங்காட்சியகத்தையும் அல்லியையும் முதலில் பாருங்கள், நடுவில் சாப்பிடுங்கள், ஒயினைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே 18 வயது ஆகியிருக்க வேண்டும். இளமையாகத் தெரிந்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள். கார் எடுத்துப் போகாதீர்கள், போலீஸ் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லும். தோட்டத்துக் கதவுகளை மாலையில் பூட்டிவிடுவார்கள். கடைசி மிடறோடு மெய்மறந்து உட்கார்ந்துவிட்டவர்கள் பதற வேண்டாம். ஒயின் மையத்துக்குத் தெருப்பக்கம் தனி வாசல் இருக்கிறது.